புளியமரத்துக்குப் பின்னால் விழுந்த வெள்ளி

எங்கள் பக்கத்தில் நட்சத்திரத்துக்கும் வெள்ளி என்றுதான் பெயர். விடிவெள்ளி, வால்வெள்ளி, எரிவெள்ளி எல்லாம் வானத்தில் இருப்பவை. கொலுசும் அரைஞாணும் கடையில் இருப்பவை. பெரியவர்கள் யாரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை, என் தாய்மாமாவைத் தவிர. அவரும் குழப்பிக்கொள்ளவில்லை, யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். யோசிப்பதற்கு அந்த வருஷம் அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

மாமா குற்றாலத்துப் பெரிய அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால்தான் அவர் கைக்கு வேலை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்பு, எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, சாரல் ஏமாற்றிவிட்டது. அருவி பாறையோடு ஒட்டிக்கொண்டு நூலாக இறங்கியது. மாமா எண்ணெய்க் கிண்ணத்தோடு காலையில் இலஞ்சியிலிருந்து நடந்து போவார், மத்தியானம் அதே எண்ணெயோடு திரும்பி வருவார். அப்பா கொழும்பில் இருந்ததால் நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் இருந்தோம். அத்தைக்கு அப்போது ஏழு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வரும் பிள்ளை. அதன் இடுப்பில் ஒரு வெள்ளி அரைஞாண் கட்டிப் பார்க்க வேண்டும் என்பதுதான் மாமாவின் ஒரே ஆசை.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் வானம் கண்ணிலேயே படாது. அந்த ஆடியில் அது துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. அதனால்தான், ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில், தோட்டத்துப் புளியமரத்துக்குப் பின்னால் பச்சையும் மஞ்சளுமாக ஒன்று எரிந்துகொண்டே இறங்கியதை நான் கண்டேன். எரிவெள்ளியைக் கண்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். மரத்தைப் பார்த்துவிட்டேன். சொல்லாமல் இருக்கத்தான் முடியவில்லை.

"எங்கன விழுந்துச்சு?" என்று மாமா கேட்டார். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். அந்தப் பக்கம் இருந்தது ஒரு பாழுங்கிணறு. பல வருஷமாக யாரும் இறைக்காமல், இலையும் சகதியுமாகக் கிடந்தது. அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் எதையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. மாமா கேட்டார். இரண்டாம் தரம் வெள்ளி கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. மூன்றாம் தரம் தொம்மென்று சத்தமும் வந்தது. பொய் சொல்கிறோம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கேட்கக் கேட்க எனக்கே நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு என் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போனார்.

"சார்வாள், வெள்ளி கீழ விழுமா?"

"தெனமும்தான் விழுது. முக்காவாசி வானத்துலயே எரிஞ்சு போயிரும். மிச்சம் கடல்லயும் காட்டுலயும் விழும். எடுத்துப் பாத்தா வெறும் கல்லும் இரும்பும்தான்."

"எம்புட்டுக் காலமா விழுது?"

"பூமி உண்டான நாள்லேருந்து."

மாமா விடவில்லை. "அம்புட்டுக் காலமா விழுததுல ஒண்ணுகூடவா வெள்ளியா இருக்காது? சும்மாவா அந்தப் பேரு வச்சிருப்பாவ?"

வாத்தியார் சிரித்துவிட்டு உள்ளே போனார். சிரிக்காமல் ஒரு பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம் என்று அவர்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கிணறு வெட்டுகிறவர்கள் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று; இறங்க மாட்டார்கள். மாமா எண்ணெய் தேய்க்கிறவர், அவருக்கு அது தெரியாது. அடுத்த நாள் காலையில் கயிற்றைப் புளியமரத்தில் கட்டினார். அத்தை இரண்டு தரம் வேண்டாம் என்றாள். பாதி இறங்கியதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "ஏட்டி, எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"வலப்பக்கம்" என்றேன். வலம் எது, இடம் எது என்பதே எனக்கு அப்போது திண்டாட்டம்.

கயிறு கொஞ்சம் ஆடியது, பிறகு ஆடவில்லை. அத்தை குனிந்து மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பேரை அவள் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அம்மா ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். முதலில் இறங்கியவன் கண் இருட்டுகிறது என்று ஏறிவிட்டான். கடைசியில், கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பார்களே, அந்தப் பாதாளக்கரண்டியைப் போட்டுத்தான் மாமாவை எடுத்தார்கள்.

வளர்ந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மரத்துக்குப் பின்னால் விழுவதாகத் தெரியும் எரிவெள்ளி எத்தனையோ மைலுக்கு அப்பால், வானத்திலேயே அவிந்து போயிருக்குமாம். பூமியின்மேல் எண்ண முடியாத தடவை கற்கள் மோதியிருக்கின்றனவாம். நிலாவில் அந்த வடுவெல்லாம் அப்படியே இருக்கிறது; இங்கே மழையும் ஆறும் அழித்துவிட்டன. உலகத்தையே அழிக்கிற கல் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு ஒரு தடவைதான் வரும் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் வீட்டை அழித்தது விழவே விழாத ஒரு கல். ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு இடுப்பில் கறுப்புக் கயிறுதான் கட்டினார்கள்.

மாமாவை எடுத்த அன்று மத்தியானம் கிராம முன்சீப்பும் தென்காசியிலிருந்து ஒரு போலீஸ்காரரும் வந்தார்கள். மாமாவைப் புளியமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். பிழைப்பில்லாத மனுஷன் பாழுங்கிணற்றில் செத்தால் என்ன நினைப்பார்களோ அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

"எதுக்கும்மா எறங்குனாரு?" என்று முன்சீப் கேட்டார்.

அத்தை என்னை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். "ஆட்டுக்குட்டி கத்துன மாதிரி கேட்டுச்சு. உள்ள விழுந்துட்டோன்னு பாக்க எறங்குனாவ."

"யாரும் சொல்லியா எறங்குனாரு?"

"யாரும் சொல்லலை. அவியளாத்தான்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டுக்குட்டியாவது! வெள்ளியைக் கண்டது நான், இடம் காட்டியது நான். முன்சீப் வந்து கேட்கிற அளவுக்குப் பெரிய காரியம் என் ஆயுசில் அதுவரை நடந்ததே இல்லை. "இல்ல, நாந்தான்..." என்று ஆரம்பித்தேன். அத்தையின் கை வாயைப் பொத்திவிட்டது. திமிறிப் பார்த்தேன், முடியவில்லை. பலமாகக் கடித்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. அத்தை கையை எடுக்கவில்லை. முன்சீப் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லி, அவர் எழுதியதற்குக் கைநாட்டு வைக்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

மாமனை முழுங்கினவள் என்ற பேர் ஒரு பெண்பிள்ளையை எந்த வாசல்வரை துரத்தும் என்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கோ, நான் கண்ட வெள்ளியை ஊருக்குச் சொல்லவிடாமல் பண்ணிவிட்டாளே என்ற கோபம். பதினாறாம் நாள் கழியும்வரை அவளோடு நான் பேசவில்லை.