‘கிழக்காலை’ என்றேன்

சூடேறிய இரும்பில் தலைமயிர் இலேசாகக் கருகும் மணம்... அதன் பின்னாலேயே மல்லிகைச் சரத்தின் மணம். இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் என் கால்கள் நின்றுவிடும். போன வாரம் லூயிஷாம் சந்தைக்குப் போகும் வழியில், கதவு திறந்துகிடந்த ஒரு சலூனின் முன்னால் அப்படித்தான் நின்றேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெண்ணின் கடையைக் கெடுத்தவள். ஒரே ஒரு சொல்லால். பிறகு அந்தச் சொல்லை மறைப்பதற்காக அவளுடைய கைத்திறமையையே குற்றம் சொன்னவள்.

நீங்கள் என்னை வேறு விதமாக அறிந்திருப்பீர்கள். மேடையில் ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, “எங்கள் தோலின் நிறத்துக்கு இந்த நகரத்தின் கடைத்தட்டுகளில் ஏன் இடமில்லை?” என்று கேட்பவளாக. நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பித் தரத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அது சொந்தமில்லை.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் மேல்மாடி அறையில் எங்கள் வட்டம் கூடும். வெள்ளையரல்லாத பெண்கள், சொந்தமாக அழகுக்கடையோ உடுப்புக்கடையோ தொடங்க நினைப்பவர்கள். சவர்க்காரம் காய்ச்சும் கானா நாட்டுக்காரி, தலை பின்னிவிடும் ஜமேக்காக்காரி, வளையல் விற்க ஆசைப்பட்ட வங்காளப் பெண்... கவுன்சிலுக்குக் கடிதம், கடைச் சொந்தக்காரனுக்கு விண்ணப்பம், சுவரில் ஒட்டும் விளம்பரம், எல்லாம் நான் எழுதிக் கொடுப்பேன். கவிதை எழுதுகிறவள் அல்லவா! சொல் என் கையில் பழகிய பண்டம்.

அங்கேதான் கௌசி வந்தாள். கௌசி என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயரல்ல.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, அங்கேயே அழகுக்கலை படித்து, கல்யாணத்தோடு லண்டனுக்கு வந்தவள். அப்டன் பார்க்கில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றின் பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலைமயிர் சுருட்டும் இரும்பின் சூடும் மல்லிகையும் கலந்த மணம். அவ்வளவுதான் அவளுடைய கடை. ஆனால் அந்தக் கண்ணாடியின் கீழே மூன்று சிறு குப்பிகள் இருந்தன. எங்கள் கறுப்புக்கென்று அவளே நிறம் கூட்டிக் கலந்து, சோதித்து எடுத்த முகப்பூச்சு.

அவற்றின் பெயர்களைக் கேட்டுச் சிரித்தேன். பனங்கட்டி. எள்ளுருண்டை. எல்லாவற்றிலும் கறுத்தது, புளியங்கொட்டை.

“என்ன கௌசி, தின்னுற சாமானெல்லாம் முகத்திலையோ?”

“சின்னனிலை எங்களைக் கறுவல், புளியங்கொட்டை எண்டு பேசினவை எல்லே அக்கா? அந்தப் பேரையே குப்பியிலை அடைச்சு வித்துக் காட்டுறன்!”

எங்கள் கல்யாண வீடுகளில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமாகவும் காது ஒரு நிறமாகவும் இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கௌசி அதற்கு ஒருபோதும் இணங்கவில்லை. “வெள்ளையடிக்கிறது சுவருக்கு அக்கா. முகத்துக்கு இல்லை” என்பாள்.

என் புத்தக வெளியீட்டுக்கு அவள்தான் என்னை அலங்கரித்தாள். புளியங்கொட்டையைத் தன் புறங்கையில் ஒரு துளி விட்டு, விரலால் சூடாக்கி, என் கன்னத்தில் வைத்தாள். என் முகமும் என் கழுத்தும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஆளுக்குச் சொந்தமாக இருந்தன!

அப்போதுதான் சொன்னாள். தூரிகை நிற்கவில்லை. கண்ணாடிக்குள்ளால் மட்டும் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, நாங்களும் உங்கட ஊர்தான். ஆனா... கிழக்காலை.”

எங்கள் ஊரின் நடுவே கோயில். கோயிலுக்கு மேற்கே இருந்தவர்கள் உள்ளே போனார்கள். கிழக்கே இருந்தவர்கள் வீதியில் நின்று கும்பிட்டார்கள். கோயில் கிணற்றில் அவர்களுடைய வாளி இறங்கக்கூடாது. ஆகவே எங்கள் ஊர்க்காரரிடையே ‘கிழக்காலை’ என்பது திசையல்ல. சாதி. நான் மேற்கு.

“இங்கை அதெல்லாம் ஆர் பாக்கினம், கௌசி!” என்றேன். பெருந்தன்மையாக! அந்தத் தொனியை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது...

ஆர் பார்க்கிறார்கள் என்பது இரண்டு மாதத்தில் தெரிந்தது.

கிரீன் ஸ்ட்ரீட்டில் கூறைச்சேலைக் கடை வைத்திருக்கும் ஓர் அன்ரி. அவரும் எங்கள் ஊர், எங்கள் பக்கம். அவர் கை காட்டுகிற ஆளைத்தான் எங்கள் கல்யாண வீடுகள் அழைக்கும். அவருடைய கடையின் மேல்மாடி அறை காலியாக இருந்தது. அது கிடைத்தால் கௌசி பின்னறையிலிருந்து தெருவுக்கு வந்துவிடுவாள். அவளுடைய படத்தொகுப்பைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அவளுக்காகத்தான் போனேன். அதை நீங்கள் நம்ப வேண்டும்... நம்பாவிட்டாலும் குற்றமில்லை.

அன்ரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். “என்ன வடிவான வேலை! பாருமன், பிள்ளையின்ரை முகம் முகமா இருக்குது. மேலறையைக் குடுப்பம். அடுத்த கிழமையே வரச் சொல்லும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்ரி எனக்குத் தேநீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“பிள்ளை எவடம்?”

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். இது முகவரி கேட்பதல்ல. எந்த ஒழுங்கையில் வீடு, எந்தக் கிணற்றில் தண்ணீர், ஆருடைய ஆட்கள் என்று கேட்பது.

என்னிடம் எத்தனை விடைகள் இருந்தன! ‘ஜெர்மனி’ என்றிருக்கலாம், உண்மை. ‘இப்ப அப்டன் பார்க் தானே’ என்றிருக்கலாம், அதுவும் உண்மை. ‘உங்களுக்கு ஏன் அது?’ என்று கேட்டிருக்கலாம்; அதுதான் நான் மேடையில் கேட்கிற கேள்வி.

“எங்கட ஊர்தான் அன்ரி... கிழக்காலை” என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருடமாகக் கேட்கிறேன். வாய் தவறியா? இல்லை. பயந்தா? இல்லை... பிறகு அன்ரிக்குத் தெரியவந்தால் நான் மறைத்தேன் என்று நினைப்பாரே என்ற எண்ணம் ஒரு மின்னலாக ஓடியது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. ‘நானும் நீங்களும் ஒரு பக்கம்’ என்று அவருடைய கண்ணுக்குச் சொல்லும் சுகம். ஆம், சுகம்! அந்தச் சொல்லை எழுத எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

“ஓ...” என்றார் அன்ரி. படத்தொகுப்பை மெதுவாக மூடினார். “நல்ல பிள்ளைதான். எனக்கு ஒண்டுமில்லை. ஆனா சனம் கதைக்கும் எல்லே? பொம்பிளையின்ரை நெத்தியிலை கை வைக்கிற வேலை... நீர் தேத்தண்ணியைக் குடியும், ஆறப்போகுது.”

குடித்தேன்! கடைசி மிடறு வரை குடித்தேன்! இனிப்பாக இருந்தது.

மேலறைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக ஒரு தகவல் போனது. அதன் பிறகு கௌசி ஏற்கெனவே பேசி வைத்திருந்த கல்யாணங்களும் ஒன்றொன்றாகக் கழன்றன. ஒரு வீட்டில் மணமகளின் தோல் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரு வீட்டில் மாப்பிள்ளை பகுதி வேறு ஆளைப் பிடித்துவிட்டதாம். எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அவள் நூலகத்துக்கு ஓடி வந்தாள். மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அக்கா, நாலாவது கல்யாணமும் கைவிட்டுப் போட்டுது. என்ரை வேலையிலை என்ன பிழை? நீங்கள்தான் ஒளிக்காமச் சொல்லுற ஆள். சொல்லுங்கோ.”

கேட்டீர்களா? ஒளிக்காமல் சொல்லுகிற ஆள்!

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஒரு சொல்லோடு என் குற்றம் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“புளியங்கொட்டை கொஞ்சம் கூடிப்போச்சுப் போலை, கௌசி. சனத்துக்கு வெளிச்சமான முகம்தான் விருப்பம். ரெண்டு படி குறைச்சுப் பாருமன்.”

அவள் பையிலிருந்து கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டாள்! ஒரு மாணவிபோல, என் பொய்யின் கீழே கோடும் போட்டாள்.

பின்பு அவள் விளம்பரத்துக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மணப்பெண்ணின் முகம் வெள்ளை. காது மண்ணிறம். அவளுடைய தூரிகை, என்னுடைய வேலை. அப்படியும் ஆட்கள் வரவில்லை. வராத காரணம் நிறமில்லையே! அடுத்த கோடை வருமுன் அந்தப் பின்னறையில் கைத்தொலைபேசிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. மிஞ்சிய குப்பிகளை அவள் வட்டத்துப் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாள். எனக்கு ஒரு புளியங்கொட்டை கிடைத்தது.

ஏழு வருடமாக அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. பேனாக்களோடு.

இந்தச் சனிக்கிழமை எங்கள் வட்டத்தின் ஆண்டு விழா. எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். போர்த்துவது அந்தச் சேலைக்கடை அன்ரி. அழைப்பிதழ் கையில் இருந்த நாளில்தான் லூயிஷாமில் அந்த மணம் மூக்கில் ஏறியது. வீட்டுக்குத் திரும்பிக் குப்பியை எடுத்துக் கைப்பையில் போட்டேன். மறுநாள் விடிந்ததும் குரோய்டனுக்கு ரயிலேறினேன்.

கௌசி அங்கே ஒரு பெரிய கடையின் அலங்காரப் பகுதியில் வேலைக்கு நிற்கிறாள். கறுப்புச் சட்டை, நெஞ்சில் பெயர் அட்டை. ஆரோ செய்த நிறங்களை ஆருக்கோ விற்கிறாள். அந்தத் தட்டில் ஆகக் கறுத்த நிறம் பால் விட்ட கோப்பி. அதற்குப் பிறகு தட்டு முடிந்துவிடுகிறது.

“அக்கா! எவ்வளவு காலம்! இருங்கோ, இருங்கோ” என்று உயரமான கதிரையில் என்னை ஏற்றினாள். கை தன் பாட்டில் பஞ்சை எடுத்தது.

நான் சொன்னேன். அன்ரியின் கேள்வியை, என் விடையை, நூலகத்தில் சொன்ன பொய்யை. ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. சொற்காரிக்குச் சொல் வரவில்லை!

பஞ்சை மேசையில் வைத்தாள்.

“அன்ரிக்குத் தெரிஞ்சது பெரிசில்லை அக்கா. அவை எப்பிடியும் தோண்டி எடுப்பினம். அதை நான் எதிர்பாத்தனான்.” பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். “அப்ப... புளியங்கொட்டையிலை பிழை இல்லையோ?”

“இல்லை.”

“ஒரு பிழையும் இல்லையோ?”

“ஒண்டுமில்லை கௌசி. நான் பொய் சொன்னனான்.”

“போன வருசம் மகளுக்கு நடன அரங்கேற்றம்” என்றாள். “அவளுக்கு மேக்கப் போட வேறை ஆளைப் பிடிச்சனான். என்ரை கையை நம்பி என்ரை பிள்ளையின்ரை முகத்தைத் தொட எனக்கு ஏலாமப் போச்சு.”

நான் குப்பியை மேசையில் வைத்தேன். அவள் மூடியைத் திருகினாள், இறுகியிருந்தது. மறுபடி திருகினாள். ஓரத்தில் காய்ந்து போனதைச் சுரண்டிவிட்டு, அடியில் கிடந்த ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். கடையின் வெள்ளை விளக்கின் கீழே அந்த நிறம் அவளுடைய தோலுக்குள் போய்க் காணாமற்போனது. குப்பியை மூடித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“இது என்ரை” என்றாள்.

“கௌசி, மன்னிச்சுக்கொள்ளும்...”

“அதுக்கு இப்ப நேரமில்லை அக்கா. ஷிப்ட் முடிய இன்னும் கிடக்கு.”

“சனிக்கிழமை மேடையிலை சொல்லப் போறன். அன்ரிக்கு முன்னாலை. உமக்குத் திரும்பக் கடை துவங்க நாங்கள் எல்லாரும் நிண்டு...”

சிரித்தாள். முதல் தடவையாக, என்னைப் பார்த்து, அப்படி. “திரும்பவும் உதவி செய்யப் போறியளோ?”

அந்தக் கேள்வி சரியானதுதான். ஆனால் நான் பின்வாங்கப் போவதில்லை. பொன்னாடை தோளில் விழுமுன் ஒலிவாங்கியை எடுப்பேன். உங்களில் பலர் முன்வரிசையில் இருப்பீர்கள். சிலர் எழுந்து போவீர்கள். சிலர், ‘இதையெல்லாம் ஏன் இப்ப கிளறுறா?’ என்று குசுகுசுப்பீர்கள். வட்டத்தில் எனக்கு நாற்காலி இல்லாமற் போகலாம். போகட்டும்! வெள்ளைக்காரக் கடைகளின் கதவைத் தட்டிக்கொண்டே, எங்களுக்குள் ஒரு கதவை நான் உள்ளிருந்து சாத்தினேன். அந்தத் தாழ்ப்பாளின் ஓசையை நீங்களும் கேட்க வேண்டும். சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்துச் சொல்லவில்லை. குறையாது. அது எனக்குத் தெரிந்துதான் சொல்கிறேன்.

கதிரையிலிருந்து இறங்கினேன். அடுத்த வாடிக்கையாளர் வந்து நின்றுவிட்டார்.

“என்ரை பேரை அங்கை சொல்லாதேங்கோ” என்றாள் கௌசி. “உங்கட பேரைச் சொல்லுங்கோ. உங்களிட்டை ஆராவது எவடம் எண்டு கேட்டவையோ, அக்கா?”

“இல்லை.”

“கேக்கமாட்டினம். அப்ப நீங்களாவே சொல்லுங்கோ. மேற்காலை எண்டு.”

தலையசைத்தேன். “போட்டு வாறன், கௌசி.”

‘போட்டு வாங்கோ’ என்று, திரும்பி வரச் சொல்லியே ஆயிரம் தடவை என்னை வழியனுப்பியவள். பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னாள்:

“போங்கோ அக்கா. அங்கை போய்ச் சொல்லுங்கோ.”