கடைசி பெஞ்சில் சொர்ணம் டீச்சர்

அன்று காலை எழுந்ததும் கோழிகளைத் திறந்துவிட்டேன். கூண்டை நான் சாத்துவதற்குள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சொர்ணம் டீச்சரின் தம்பி மகன் வாசலில் நின்றார். "அத்த போயிட்டாங்க" என்றார்.

கடலூரில் ஒரே மிஷன் பள்ளியில் டீச்சரும் நானும் வேலை பார்த்தோம். அவர் கண்டிப்பானவர். எங்கள் சபையில் தவறு செய்தவர்களை, பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணையிலிருந்து நிறுத்திவைப்பார்கள். அவர்கள் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். பள்ளி ஆயா ரோஸ், மணமாகாமல் பிள்ளை பெற்றபோது, அவளை அப்படி நிறுத்திவைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் டீச்சர்தான்.

சில மாதங்கள் சென்றன. ஒரு நற்கருணை ஞாயிறு, எல்லோரும் பீடத்துக்குப் போக, டீச்சர் பின்னால் நடந்து ரோஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். குருவானவர் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

சபை மூப்பர் ஒருவர் கேலியாக, "டீச்சரம்மா அப்படி என்ன பாவம் பண்ணிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுன்னா சொல்லிடலாம் மாமா" என்றார் டீச்சர். பிறகு குருவானவரைப் பார்த்து, "இது நல்லவங்களுக்குக் குடுக்கற பரிசு இல்லீங்களே ஐயரே. இவ செஞ்சது ஊருக்குத் தெரியும், என்னுது கர்த்தருக்குத் தெரியும். கூப்பிட்டா ரெண்டு பேரையும் கூப்பிடுங்க" என்றார்.

குருவானவர், "ரெண்டு பேரும் வாங்கம்மா" என்றார். டீச்சர் ரோஸின் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இரக்கப்பட்டுத்தான் செய்தார் என்று பலர் நினைத்தார்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு: "அவ அழறப்ப எனக்கு உள்ளுக்குள்ள திருப்தியா இருந்துச்சும்மா. அதப் பாத்துத்தான் பயந்துட்டேன். என்னால மாத்திக்க முடியல. கிருபை எனக்குத்தான் ஜாஸ்தி வேணும்."

தன் நெஞ்சை இவ்வளவு நேராகப் பார்த்த ஒருவரோடு வேலை செய்தேன் என்பது எனக்குப் பெரிய பெருமை.

ஓய்வு பெற்றுச் சிதம்பரம் போன பின்னும் அவரை அடிக்கடி பார்த்தேன். போன மாதம் என் தம்பியைப் பற்றி விசாரித்தார். சாராயத்தால் சிறைக்குப் போய் வந்த அவனைப் பண்ருட்டி சபையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். எனக்கு மானம் போகிறது, நான் அங்கே போவதே இல்லை என்றேன்.

"அவன் பக்கத்துல யாரு உக்காருறா?" என்று கேட்டார்.

மாலையில் அடக்கம் முடிந்தது. முதல் பிடி மண்ணை ரோஸ் போட்டாள், மூப்பர்கள் வழிவிட்டார்கள்.

டீச்சர், உங்கள் கர்த்தரின் பந்தியில் அமர்ந்திருங்கள். வருகிற ஞாயிறு நான் பண்ருட்டிக்குப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தம்பியைக் கூப்பிடும்வரை நானும் பீடத்துக்குப் போவதாக இல்லை.