தங்கச்சி மகளுக்கு ஒரு மடி

கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த மண்டியில் ஒரு பிளாட்பாரத் தராசு இருந்தது. வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு என்று சுற்றுவட்டாரக் கரிசக்காட்டில் விளைந்து வருகிற மூட்டையெல்லாம் அதில் ஏறி இறங்கித்தான் வெளியே போகும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், திங்கட்கிழமை தோறும் முதல் லாரி வருவதற்கு முன்னால் நானும் அதில் ஏறி நின்றேன். இன்றைக்கும் எங்காவது கோணிச்சாக்கு வாடை அடித்தால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது என் எடைதான்.

தொண்ணூற்றாறு கிலோ. உயரம் ஐந்தடி நாலங்குலம். மண்டியில் எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஒரு மூட்டைக்கு நூறு கிலோ என்பது மண்டிக் கணக்கு. மூட்டை தூக்குகிறவர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு, மெலிந்த ஆள், வாய் மட்டும் பெரிசு. முதல் தடவை நான் தராசில் ஏறியதுமே முள்ளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இன்னும் நாலு கிலோ போட்டா முழு மூட்டை அண்ணாச்சி. வாயைத் தைச்சிரலாம்."

நான் தராசில் ஏறியதற்குக் காரணம் என் தங்கச்சி. புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். எட்டு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லை என்று போய், கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்குள் போய்விட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது நான்தான்.

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்றைக்கு அவள் மாமியார் வீட்டில் பந்தி. எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். நானும் ஒரு தைரியத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இலை எட்டவில்லை. நடுவில் வயிறு. குனிந்தால் மூச்சு முட்டியது. சோற்றைத் தட்டில் வாங்கி நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எழுந்திருக்கும்போது ஆளுக்கொரு கை கொடுத்து இரண்டு பேர் தூக்கினார்கள். பக்கத்து இலைக்காரர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசத்தைக் குடித்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியின் மாமியார் கெட்டவர் இல்லை. காரியக்காரர். அடுத்த பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும், பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும், தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும், அது இந்தத் தம்பியால் ஆகாது, அதனால் சித்தப்பா மகன் உட்காரட்டும், அவனும் மாமன் முறைதானே என்று சபையில் சொன்னார். எங்கள் சித்தப்பா மகன் சோளத்தட்டை மாதிரி ஒல்லியாக இருப்பான். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்போது அறைக்குள்ளிருந்து பிள்ளையோடு தங்கச்சி வந்து நிலைப்படியில் நின்றாள்.

"எங்க அண்ணன் மடியிலதான் எம்பிள்ளைக்குக் காது குத்தணும். இன்னும் ஒரு வருசம் இருக்குல்லா. அதுக்குள்ள அண்ணன் உடம்பைக் கொறச்சிரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மடி இருக்க வேண்டிய இடத்தில் வயிறு உட்கார்ந்திருந்தது. பிள்ளைக்குப் பதிலாக ஒரு தலையணையை வைத்தேன். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. பின்னால் நின்ற என் வீட்டுக்காரி களுக்கென்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போனேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் ஹாக்கி மட்டையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வருகிற வழியில் கடலை மிட்டாய்க் கம்பெனியில் வெல்லப்பாகு காய்ச்ச ஆரம்பித்திருப்பார்கள். அந்த வாசனை தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து நிறுத்தும். முதல் வாரம் நான் நிற்காமல் போனேன். இரண்டாவது வாரம் நின்று மோந்தேன். மூன்றாவது வாரம் உடைந்த மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன்.

ஆசை இல்லாமல் இல்லை. அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நினைத்துப் பார்ப்பேன். ஆனால் காது குத்து பங்குனியில். உளுந்தவடை இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. பங்குனி ரொம்ப தூரத்தில் இருந்தது. ஆடி போகட்டும் என்றேன், அப்புறம் தீபாவளி போகட்டும் என்றேன். கடியாரத்தில் அலாரம் அடித்தால், நேற்று நடந்த நடைக்கு இன்று ஒருநாள் ஓய்வு கொடுப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று எனக்கு நானே டாக்டராகிவிடுவேன். என் மேல் எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சத்தைக் கால்களுக்குக் கொடுத்திருந்தால் எட்டயபுரம் வரைக்கும் நடந்திருக்கலாம். எனக்குக் கோபம் வந்தால் பசிக்கும், அதுதான் சங்கடம்.

தராசில் ஏறுவதை மட்டும் விடவில்லை. அதிலும் ஒரு கூத்து நடந்தது. மண்டியில் எந்தச் சரக்கை நிறுத்தாலும் கழிவு உண்டு. சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம், ஈரமாக இருந்தால் அதற்குத் தனியாக, தூசி தும்புக்குத் தனியாக. மூத்தவர் எனக்கும் கழிக்க ஆரம்பித்தார். வேட்டி சட்டைக்கு ஒரு கிலோ. குடித்த டீக்கு அரைக் கிலோ. ஐப்பசி மழையில் நடந்து வந்த அன்றைக்குச் செருப்பில் கரிசல் மண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் கனத்தது. அதற்கு இரண்டு கிலோ கழித்தார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தோம். நாளாக ஆக, கழிவு போக மிச்சம் நிற்பதுதான் என் எடை என்று நானே நம்ப ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு எஸ்டிடி பூத்திலிருந்து தங்கச்சி வீட்டுக்கு எதிரில் இருக்கிற பலசரக்குக் கடைக்குப் போன் போடுவேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து காத்திருப்பாள். நாங்கள் பேசுவதை அந்தக் கடையே கேட்கும். எல்லா விசேஷமும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்பாள், எவ்வளவுண்ணே இருக்கு என்று. தொண்ணூத்தஞ்சு என்றேன். அடுத்த மாதம் தொண்ணூத்தி நாலு. முதலில் கழிவு போகச் சொன்னேன், அப்புறம் கழிக்கவும் எதுவும் இல்லாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் ஒவ்வொரு தடவையும் சரிண்ணே, சரிண்ணே என்பாள். போனை வைத்துவிட்டுப் பூத்தை விட்டு வெளியே வரும்போது நிஜமாகவே குறைந்துவிட்டது போல நடை லேசாக இருக்கும்.

ஒரேயொரு தடவை நிஜமாகவே குறைந்தது. கார்த்திகை மாதம் இரவில் சோற்றை நிறுத்திவிட்டுக் கம்பங்கூழ் குடித்தேன். தொண்ணூற்று மூன்றுக்கு வந்தேன், கழிவு இல்லாமல். உடனே ஊருக்குப் பொறுக்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் கன்னம் ஒட்டிப் போச்சே, சுகரா என்று கேட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, திருநெல்வேலியில் நல்ல டாக்டர் இருக்கிறார், செலவைப் பார்க்காதே என்றார். எதிர்வீட்டு அம்மா என் வீட்டுக்காரியிடம் வந்து, அவிய சரியாச் சாப்பிடுதாகளா, வீட்டில் ஏதும் சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். அன்று அவள் அழுதுகொண்டே உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி என் முன்னால் வைத்தாள். அவள் மனசு நோகக் கூடாது என்று சாப்பிட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். ஒரு காரணம் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் சாப்பிட்டேன்.

பங்குனி பிறந்தபோது தராசு தொண்ணூற்றேழு காட்டியது. தங்கச்சியிடம் கடைசியாகச் சொன்னது எண்பத்தி நாலு.

உத்திரத்துக்கு முந்தின நாள் தாய்மாமன் சீரெல்லாம் தயாராக இருந்தது. பட்டுப் பாவாடை, கொலுசு, ரோஸ் தாளில் பொதிந்த கம்மல். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு காய்ச்சல் வருமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியை மட்டும் சீரோடு அனுப்பிவிட்டு, எனக்கு உடம்பு சுகமில்லை என்று சொல்லச் சொன்னால் என்ன என்று தோன்றியது. சித்தப்பா மகன் இருக்கவே இருக்கிறான். இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் என் வேட்டியை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அதனால்தான் போனேன்.

சாஸ்தா கோயில் கரிசக்காட்டுக்கு நடுவில், கண்மாய்க் கரையில், உடைமரங்களுக்குக் கீழே இருந்தது. அறுப்பு முடிந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வேனிலிருந்து நான் இறங்கியதும் தங்கச்சி ஓடி வந்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். எண்பத்தி நாலு கிலோ ஆள் எப்படி இருப்பான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும். எனக்கு மண் வெடிப்புக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் வாண்ணே, வெயில்ல நிக்காத என்று மட்டும் சொல்லி, என் கையிலிருந்த சீர்த்தட்டை வாங்கிக்கொண்டாள்.

மரத்தடியில் ஆசாரியும் மொட்டை போடுகிறவரும் காத்திருந்தார்கள். சித்தப்பா மகன் குளித்து, புது வேட்டி கட்டி, தயாராக நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு கூசுகிறது.

அப்போது தங்கச்சி தன் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர் டிராக்டரிலிருந்து ஒரு மூட்டையைத் தோளில் தூக்கி வந்து மரத்தடியில் போட்டார். பருத்திக்கொட்டை. முழு மூட்டை இல்லை, அரை மூட்டை. வாயை இறுக்கிக் கட்டாமல் ஒரு முழம் தளர விட்டுக் கட்டியிருந்தது. பதினைந்து வருஷமாக மூட்டைகளோடு இருந்தவனுக்கு அது எதற்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. இறுக்கிக் கட்டினால் உருளும். தளர விட்டால், உட்கார்ந்ததும் பரந்து கொடுக்கும். தங்கச்சி அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்து விரித்தாள்.

அவள் மாமியார், தரையில் உட்காருவதுதானே முறை என்று இழுத்தார்.

"மூட்டை தரையிலதான அத்தை இருக்கு" என்றாள் தங்கச்சி.

சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். கொட்டை நெறுநெறுவென்று இரண்டு பக்கமும் ஒதுங்கி எனக்கு இடம் விட்டது. முழங்கால்கள் கீழே இறங்கியதும் வயிற்றுக்கு முன்னால் இரண்டு சாண் இடம் கிடைத்தது. பிள்ளையைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார்கள். மொட்டை போடும்போது சிணுங்கினாள். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் வீறிட்டுத் திரும்பி என் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் கண்ணீரும் மூக்குச்சளியும் என் தொப்புள் வழியாக வழிந்தது. அப்படியே அணைத்துப் பிடித்துக்கொண்டு இரண்டாவது காதையும் கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை.

பந்தி முடிந்து தங்கச்சி கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது, அந்த மூட்டையை எப்போது கட்டினாய் என்று கேட்டேன். நேற்றே கட்டிவிட்டேன் என்றாள். நேற்று என்றால் அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால். போன ஞாயிற்றுக்கிழமைதானே எண்பத்தி நாலு என்று சொன்னேன் என்றேன். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"மாசம் தவறாம ஒரு கிலோ கொறையுததுக்கு அது என்ன சம்பளப் பிடித்தமாண்ணே? நீ சொன்னதை நான் ஒருநாளும் நம்பல. பொய் சொல்லுதன்னு கேட்டுட்டா, நீ வெக்கப்பட்டு இன்னைக்கு வராம இருந்திருவியேன்னுதான் சரி சரின்னேன்."

முந்தின நாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கிடந்தது ஞாபகம் வந்தது. அதை நான் அவளிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை. வருஷம் முழுக்க நான் என் எடையைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அவளுடைய பயம் வேறாக இருந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை தராசில் ஏறினேன். மூத்தவர் வழக்கம் போல வேட்டிக்குக் கழிக்க ஆரம்பித்தார். கழிவு வேண்டாம், முள் காட்டுவதை அப்படியே சொல்லுங்கள் என்றேன். உடம்பு கிடம்பு சரியில்லையா என்று ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னார். தொண்ணூற்றெட்டு. அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியிருந்ததால், சரியாகச் சொல்வதற்காகவாவது நடந்தேன். பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆறேழு வருஷத்தில் எட்டு கிலோ குறைந்தது, நடுநடுவே ஏறி இறங்கி. கடலை மிட்டாயை விடவில்லை.

ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் நினைவில் நிற்கிறது. பூத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன், தொண்ணூத்தெட்டு என்று. அந்தப் பக்கம் பிள்ளை ஏதோ மழலை பேசுவது கேட்டது.

"வேட்டி சட்டையோடயாண்ணே?" என்று கேட்டாள் தங்கச்சி.

ஆமாம் என்றேன்.

"அப்ப தொண்ணூத்தேழுன்னு வச்சிக்கோ."

அவள் கழித்துக் கொடுத்த அந்த ஒரு கிலோவை மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.