கால்சியம் டப்பா

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். என் கல்யாணத்துக்கு அம்மா ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதை ஆறு வருஷமாகத் தினமும் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா கன்னியம்மாவுக்குத் தைராய்டு சுரப்பியில் அழற்சி. எனக்கும் அதேதான். வேடந்தாங்கல் பக்கத்து எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த அன்றே அம்மா என் மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் கொட்டி, "வாயத் தொறக்காத" என்றாள். கூடுவாஞ்சேரிக்கு வாழ வந்தேன். கணவர் கார்த்தி நல்லவர். அதனாலேயே சொல்ல முடியாமல் போனது.

தங்கை ஜெயப்பிரியா என்னைப் போல இல்லை. மாமல்லபுரத்தில் ஓட்டல் வரவேற்பில் வேலை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கழுத்து வீங்கியது.

"டெஸ்ட் எடுத்துடலாம்மா," என்றேன்.

"இன்னாத்துக்கு? ஊரு பூரா தெரியறதுக்கா? ஒரே ரத்தம், ஒரே நோவு. உன் மாத்திரையில பாதிய அவளுக்குக் குடு."

கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் கொடுத்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

பத்தாம் நாள் ஓட்டலில் யாருக்கோ அறைச் சாவி கொடுக்கும்போது கை நடுங்கி, நெஞ்சு படபடத்து விழுந்தாள். கார்த்திதான் எங்கள் எல்லோரையும் காரில் ஏற்றிச் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

"அழற்சியோட ஆரம்பம் இது. சுரப்பி புண்ணாகி, உள்ள இருக்கிற ஹார்மோன் அதிகமா கசியுது," என்றார் டாக்டர், ஜெயா தைராய்டு மாத்திரை போட்டதைக் கேட்டுவிட்டு. "இதுல அதே ஹார்மோன் மாத்திரை வேறயா? நெஞ்சு தாங்குமா? யாரு குடுத்தது? வீட்ல வேற யாருக்காவது தைராய்டு இருக்கா?"

"யாருக்கும் இல்லீங்க," என்றாள் அம்மா, முந்தானையைக் கழுத்தோடு இழுத்துவிட்டபடி.

டாக்டர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் கார்த்தி. மடியில் கைப்பை, அதற்குள் அந்த டப்பா. சொல்ல வாயெடுத்தேன், கை பையின் ஜிப்பை இழுத்து மூடியது.

"நானாதான் மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன் சார்," என்றாள் ஜெயா.

டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். கார்த்தியும் தன் பங்குக்குத் திட்டினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று டாக்டர் சீட்டில் எழுதினார்.

மறுநாள் காலை கார்த்தி தண்ணீர் டம்ளரோடு வந்தார்.

"உன் தங்கச்சி மாதிரி கண்டதையும் முழுங்கி வெக்காத. கால்சியம் போட்டியா?"

"போட்டுட்டேன்," என்றேன்.