மஞ்சள் அடுக்கு கலையாமல் இருக்க

ஆற்றலுக்கு ஓர் அலகு உண்டு. ஜூல். இருபத்திரண்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற என்னை, சனிக்கிழமைதோறும் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு பைக் ஓட்ட வைத்தார்கள். அங்கே ஓர் உரக்கடை மாடியில் உட்கார வைத்து, மனிதத் தலையைச் சுற்றி ஆற்றல் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது என்று ஒருவர் சொல்வதைக் கேட்க வைத்தார்கள். என் தலையெழுத்து.

எல்லாம் மகளுக்காகத்தான். நீட் தேர்வில் முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று புத்தகத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். பேச்சும் நின்றுபோனது. என்ன கேட்டாலும் "ஒன்னும் இல்லப்பா" என்பாள். அட்டவணை போட்டுக் கொடுத்தேன், கத்தினேன், கெஞ்சினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் மனைவிதான் யார் யாரையோ விசாரித்து இந்த ஹீலிங் அம்மாவைக் கண்டுபிடித்தாள். "நீங்க வாயத் தொறக்காம இட்டுக்கினு போயி இட்டுக்கினு வாங்க, அது போதும்" என்றாள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் நாளே விளக்கினார். உடம்பை ஒட்டி ஓர் அடுக்கு, அதற்கு வெளியே உணர்ச்சிகளுக்கு ஒன்று, அதையும் தாண்டி மூன்றாவதாக மன அடுக்கு. அது மஞ்சள். நாம் நினைப்பதெல்லாம் அங்கேதான் தங்குமாம்.

"பொண்ணுக்கு வலப்பக்கம் ஒரே நெனப்பு பாசி மாதிரி புடிச்சிக்கினு கெடக்குது சார்."

"எந்தக் கருவிய வெச்சிப் பாத்தீங்க?"

"கைதான் சார்."

மகளின் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றை வழித்தார். பக்கத்திலிருந்த உப்புத் தண்ணீர் பேசினில் கையை உதறினார். நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். "சார், கீழ இருங்க. உங்க நெனப்பு ரொம்ப சத்தமா இருக்குது" என்று அனுப்பிவிட்டார். யூரியா மூட்டைகளுக்கு நடுவில் நின்று பொருமினேன்.

அன்று கீழே இறங்கி வந்த மகள் சொன்னாள். "அப்பா, இன்னிக்கு செஞ்சா நாளைக்குக் காலைல வரைக்கும் யாரும் எங்கிட்ட கேள்வி கேக்கக் கூடாதாம். மன அடுக்கு எளசா இருக்குமாம். கேட்டா கலைஞ்சிடுமாம்."

கேள்வி கேட்காத வாத்தியார் உண்டா? திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஒரு மணி நேரம் அவள் பின்னால் உட்கார்ந்திருப்பாள், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன். வீட்டுக்குப் போனால் மனைவி காவல். "கேக்காதீங்க, மஞ்ச கலைஞ்சிடும்." சனிக்கிழமை மாலைகளில் மகள் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். போனைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஞாயிறு காலை காபி டம்ளரோடு நான் போய், "எத்தன சாப்டர் பாக்கி?" என்று கேட்டதும் முகம் பழையபடி மூடிக்கொள்ளும். ஒரு நாள்கூடத் தாங்காத வைத்தியம் என்ன வைத்தியம் என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

ஆறாவது சனிக்கிழமை பொறுக்க முடியவில்லை. மகளை பைக் அருகே நிறுத்திவிட்டு மாடியேறினேன்.

"அம்மா, உங்க விதியாலதான் பொண்ணு படிக்காம சுத்துது. ஒரு நாள் முழுக்க ஒரு கேள்வி கேக்கக் கூடாதுன்னா எப்படி?"

உப்புத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "என்னா விதி சார்? அன்னிக்குத் தலைக்கு ஊத்திக்க வேணாம்னு சொல்லுவேன். வேற ஒன்னும் நான் சொல்றதில்லயே."

ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் படியிறங்கினேன். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. பெற்ற அப்பனிடமிருந்து ஒரு நாள் தப்பிக்க அவளுக்கு ஒரு பொய் வேண்டியிருந்திருக்கிறது.

"மேல எதுக்குப்பா போனீங்க?" என்றாள்.

"தண்ணி பாட்டில மறந்துட்டேன்."

பாட்டில் பைக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

கூட்டேரிப்பட்டில் நிறுத்தி வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கினேன். நூறு கேள்விகள் தொண்டைவரை வந்தன. நான் அவ்வளவு மோசமா என்பது முதல் கேள்வி. கேட்டிருந்தால் அதற்கும் "ஒன்னும் இல்லப்பா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

வீட்டில் மனைவி மல்லாட்டையைத் தட்டில் கொட்டினாள். மகள் உரிக்க உட்கார்ந்தாள்.

"இங்க பாரு," என்றேன் மனைவியிடம். "அந்தம்மா இன்னிக்குப் புதுசா ஒன்னு சொன்னாங்க. இனிமே ஞாயித்துக்கெழமயும் கேள்வி கேக்கக் கூடாதாம். திங்கக்கெழமயும்."

மகளின் கை நின்றது. தலை நிமிராமலே உரித்த பருப்புகளை என் பக்கம் தள்ளி வைத்தாள்.