நீலச் சட்டைப் பொம்மை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தப் பேய், ஆவி சமாச்சாரத்தில் எல்லாம் நம்பிக்கை இருந்ததே இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கணபதி என்கிற ஏரியாவில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் அறை எடுத்து கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். புது கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் மானிட்டர் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள், நான் போனதும் முதல் வேலையாக அதை அவிழ்த்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, இது சூடானால் கெடும், கண் பட்டுக் கெடாது என்று கிண்டல் செய்வேன். அப்படிப்பட்ட ஆள் நான். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில் ராத்திரியே கிடையாது. எல்லாம் பட்டப்பகலில், பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

அவிநாசியிலிருந்து சுமதியக்கா என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூட டீச்சர், கல்யாணம் ஆகாதவர், அப்பா அம்மாவோடு இருந்தார். அவருடைய தம்பி கார்த்தி பைக்கில் போனவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கார்த்திக்குப் பழைய விளையாட்டுகள் என்றால் உயிர். புது கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிய பிறகும், பழைய விளையாட்டுகளுக்கென்றே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தானாம். அது இப்போது ஆன் செய்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது, அதற்குள் ஒரு விளையாட்டு இருக்கிறது, அதை அவன் எப்படி விட்டுப் போனானோ அப்படியே ஒரு தடவை பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அக்காவுக்கு வேண்டியது.

“பேச்சு வார்த்தை இல்லாமயே போயிட்டானுங்க தம்பி,” என்றார். அதற்கு மேல் அன்று சொல்லவில்லை.

மீதியை அவர் வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நான் கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னார். கார்த்தி தன்கூட வேலை செய்த ஒரு பெண்ணை விரும்பியிருக்கிறான், வேறு சாதி ஆட்கள், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்து அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அக்கா அதை அப்பாவிடம் சொல்லிவிட்டார். நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று என்னிடம் சொல்லும்போது அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பெரியவர்கள் இரண்டு பக்கமும் பேசி, அந்தப் பெண்ணுக்கு அவசர அவசரமாக வேறு ஊரில் கல்யாணம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சாகும் வரைக்கும் ஐந்து மாதம் தம்பி அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தது. விளையாட்டு இருந்த ஃபோல்டரை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக ஏற்றினேன். அதன் பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கு டிரைவர் போடவேண்டும். டிரைவர் என்றால் ஒன்றுமில்லை, படத்தைத் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு சின்ன மென்பொருள். ஒரே கார்டுக்கு அதில் நாலைந்து வெர்ஷன் வரும், எதைப் போடுகிறோமோ அதைப் பொறுத்து நிறம் மாறும், வேகம் மாறும். பழசைக் கண்டால் எடுத்துவிட்டுப் புதுசைப் போடு என்பது எங்கள் தொழிலில் நான் வைத்திருந்த சட்டம். அப்படியே புதுசைப் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது.

விளையாட்டு இதுதான். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு தோட்டம், வேலி, நடுவில் ஒரு கிணறு, ஒரு மூலையில் வாசல். சிவப்புச் சட்டை போட்ட பொம்மை ஒன்று, நீலச் சட்டை போட்ட பொம்மை ஒன்று. இரண்டு பேர் ஒரே கீபோர்டில் உட்கார்ந்து ஆடவேண்டும், இடது பக்கம் நாலு எழுத்தில் அக்காவின் சிவப்புச் சட்டை நடக்கும், வலது பக்கம் அம்புக்குறிகளில் தம்பியின் நீலச் சட்டை நடக்கும். இருவரும் சேர்ந்து வாசலுக்கு வந்தால்தான் அடுத்த தோட்டம். தனியாக ஆட வழியே இல்லை, கம்ப்யூட்டரே எதிராளியாக ஆடுகிற வசதியும் அதில் கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி விட்டுப்போன இடத்தில் திறந்தது. நீலச் சட்டை கிணற்றைப் பார்த்தபடி நின்றிருந்தது. அக்கா தன் பொம்மையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். நீலச் சட்டை அசையவில்லை, திரும்பக்கூட இல்லை, எப்படி அசையும், அம்புக்குறியை யாரும் தொடவில்லையே. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது அதில்லை என்றார். புல் இவ்வளவு பச்சையாக இருக்காது, கொஞ்சம் மஞ்சள் அடித்த மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் லேசாக நடுங்கும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நடுக்கம் ஒரு கோளாறு, அதைச் சரிசெய்யத்தான் புதுசே வந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் அந்தக் கோளாறுதான் வேண்டும் என்றார்.

நடுவில் ஒரு வெர்ஷன் கைவசம் இருந்தது, அதைப் போட்டேன், விளையாட்டு திறக்கவே இல்லை. கடைசியில் கார்த்தியின் பிளாப்பி டிஸ்க் பெட்டியைக் குடைந்ததில் அவன் கையெழுத்தில் கார்டின் பெயர் எழுதிய ஒன்று கிடைத்தது, இருப்பதிலேயே பழைய டிரைவர். வேண்டாவெறுப்பாகத்தான் போட்டேன். அவர் சொன்ன மாதிரியே புல் மஞ்சளடித்தது, ஓரம் நடுங்கியது. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. நான் ஸ்குரூடிரைவர்களை எடுத்துப் பைக்குள் போட ஆரம்பித்தேன்.

அப்போது அக்கா சிவப்புச் சட்டையை நடத்தி நீலச் சட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நீலச் சட்டை எழுந்து போன மாதிரி இரண்டு அடி தள்ளிப் போய் நின்றது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கீ ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். கீபோர்டைப் பிடுங்கிவிட்டு என் பையில் இருந்த வேறு ஒன்றை மாட்டினேன். அக்கா கிட்டே போனார், அது தள்ளிப் போனது. அவர் வலப்பக்கமாகச் சுற்றி வந்தார், அது கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. அவர் நின்றால் அதுவும் நின்றது. டிரைவரை எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டேன், நீலச் சட்டை மரம் மாதிரி நின்றது. மறுபடி பழசைப் போட்டேன், மறுபடி விலகிப் போனது. இப்படி மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தைத் திரைக்குக் கொண்டுபோவதுதான் டிரைவரின் வேலை, பொம்மையை நடக்க வைப்பது அதன் வேலையே இல்லை. மூன்றாவது தடவை கீபோர்டைத் தொட்ட என் விரல் சில்லிட்டுப் போயிருந்தது, வெளியே மண்டை பிளக்கிற வெயில்.

அக்கா பயப்படவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னார், “ஊட்டுலயும் இப்படித்தானுங்க தம்பி. நான் ஆசாரத்துக்குள்ள வந்தா அவன் எந்திரிச்சுப் பொடக்காணிப் பக்கம் போயிருவான். அஞ்சு மாசமும் இப்படித்தான்.” ஆசாரம் என்றால் முன்கூடம், பொடக்காணி கொல்லைப்புறம்.

எனக்கு அங்கிருந்து கிளம்பினால் போதும் என்று இருந்தது. ஆனாலும் ஒன்றைக் கேட்டாகவேண்டியிருந்தது. எதை வைத்துவிட்டுப் போகட்டும் என்று கேட்டேன். பழசே இருக்கட்டும் என்றார்.

“அதுல உங்களைக் கண்டா ஒதுங்கிப் போறதைத்தானுங்க்கா தினமும் பாக்கணும்,” என்றேன்.

“கோவமா இருந்தா இருந்துட்டுப் போறானுங்க. இருக்கானல்லங்க.”

பழைய டிரைவரையே விட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பிளாப்பியில் அதை நகல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கிண்டல் செய்கிறவன் எந்த முகத்தோடு சொல்வது, வெட்கம். என்னோடு சேர்ந்து தொழில் செய்த முருகேசனிடம்கூட மூச்சு விடவில்லை. அங்கேதான் தப்புச் செய்துபோட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து அக்கா வீட்டு மானிட்டர் போய்விட்டது. நான் அன்றைக்கு மதுக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், முருகேசன் போய் வேறு மானிட்டர் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“இப்ப கார்த்தி ஒதுங்கறதில்லீங்க தம்பி. நான் கிட்டப் போனாலும் அப்படியே நிக்கறான். கோவம் போயிருச்சாட்ட இருக்குதுங்க.”

போனை வைத்துவிட்டு முருகேசனைக் கூப்பிட்டு, அவிநாசியில் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

“அந்த நடுங்கற டிரைவரை எதுக்குங்ணா வெச்சிருந்தாங்க? அதை எடுத்துப்போட்டுப் புதுசு போட்டுட்டு வந்தனுங்,” என்றான். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டத்தைத்தான் அவன் செய்திருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா சமாதானம் என்று நினைத்துக் கொண்டாடுவது வெறும் அசையாத பொம்மையை. சொன்னால் அவர் மனசு உடையும், சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை. தம்பியை மறுபடியும் இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்கிற நினைப்பு என்னைத் தூங்கவிடவில்லை, அப்படியென்றால் அவன் இருந்தான் என்று நான் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்பதுகூட அப்போது உறைக்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பழைய டிரைவர் பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவிநாசிக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிட்டுப் பழசையே போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு.

அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு இருந்தார். வந்தவுடன் சொல்ல வாய் வரவில்லை, மானிட்டர் சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்து முதலில் டிரைவர் வெர்ஷனைப் பார்த்தேன். புதுசுதான், சந்தேகமே இல்லை. பழசின் சுவடுகூட வைக்காமல் முருகேசன் துடைத்து எடுத்திருந்தான். பிறகு நாற்காலியை அக்காவுக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன், அவர் விளையாட்டைத் திறந்தார்.

பளிச்சென்று பச்சைப் புல், நடுக்கம் இல்லை. நீலச் சட்டை கிணற்றடியில் நின்றது. அக்கா சிவப்புச் சட்டையைப் பக்கத்தில் கொண்டுபோனார், அது நகரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அப்போது சிவப்புச் சட்டை அதைச் சுற்றி நடக்க ஆரம்பித்தது. நீலச் சட்டை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, அவர் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது. நான் திரையை விட்டுவிட்டு அக்காவின் கைகளைப் பார்த்தேன். இடது கை எழுத்துகள் மேல் இருந்தது. வலது கை மடியில் முந்தானையைப் பிடித்தபடி இருந்தது.

“அம்புக்குறியை நீங்க எப்பவாச்சும் தொட்டுப் பாத்தீங்களாங்க்கா?” என்று கேட்டேன்.

“அது அவனுதுங்க. நான் எதுக்குத் தொடறேன்?” என்றார். பிறகு, காப்பி வைக்கிறேன், இருங்கள் என்று எழுந்து போனார்.

இதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை. அந்த வீட்டில் சமையலறை, கம்ப்யூட்டர் மேசைக்கு இடது பக்கம், கொஞ்சம் தள்ளி. திரையில் அவருடைய சிவப்புச் சட்டை நீலச் சட்டைக்கு வலது பக்கம் நின்றிருந்தது. அக்கா எழுந்து போனதும் நீலச் சட்டை அந்தச் சிவப்புச் சட்டையை விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பியது. கீபோர்டுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, நான் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவர் காப்பியோடு வந்து நாற்காலியில் உட்காரும் வரைக்கும் அது சமையலறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

நான் காப்பியைக் குடித்தேன். மானிட்டர் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். பிளாப்பியை வெளியே எடுக்கவே இல்லை, அப்படியே நாலரை மணி பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டேன்.