அட்வான்ஸ் மொட்டை

நான் சந்தேகப்பிராணிதான். கொடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் பெண்டாட்டி சந்தேகப்படாவிட்டால் கடை என்னத்துக்கு ஆகும்? மேலே நல்ல உருளைக்கிழங்கும் அடியில் அழுகலுமாகக் கட்டிய மூட்டைகளை வாரம் தவறாமல் பிரித்துப் பார்த்தவள் நான். அதனால் எங்கள் மகளைக் கான்வென்ட்டில் சேர்க்க மனுப் போட்ட நாளிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை.

எழுத்துப் பரீட்சை முடிந்திருந்தது. இன்டர்வியூ மட்டும்தான் பாக்கி. பெரிய சிஸ்டர் பிள்ளையையும் பெற்றவர்களையும் பார்த்துவிட்டுச் சரி என்றால் சீட்டு. இல்லையென்றால் அவள் படித்துக்கொண்டிருந்த பள்ளியில் ஐந்தாவதுக்கு மேல் வகுப்பு கிடையாது என்பதால் பழனியில் என் கொழுந்தனார் வீட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே அவருடைய பஞ்சாமிர்தக் கடையில் வேலைக்குக் குறைவே இல்லை. நானும் அப்படித்தான் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கப் போய், அடுப்படியோடு படிப்பு முடிந்தது. அவளுக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்று கிடந்து தவித்தேன்.

எதிர்வீட்டில் மிஷன் பள்ளி டீச்சர் ஒருத்தர் இருந்தார். அவர் மகளும் அதே வகுப்புக்கு மனுப் போட்டிருந்தாள். சாயங்காலங்களில் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து இங்கிலீஷ் பேசப் பழக்கினார். ஒரு பைசா வாங்கவில்லை. சந்தேகப்பட எனக்கு அது ஒன்றே போதும். என் மகள் வீட்டுக்கு வந்தபிறகு தன் மகளுக்கு மட்டும் நல்லதாக நாலு வார்த்தை தனியாகச் சொல்லிக்கொடுப்பார் என்று நினைத்தேன். கடை வைத்துக்கொண்டே புளி கடன் கேட்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்ததும் உண்டு. அந்தப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்டர்வியூ வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். முந்தின ஞாயிறு டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாள மாத்திட்டாங்களாம். புதன்கிழமை வரச் சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"சிஸ்டரே சொன்னாங்கக்கா, சர்ச்சுல."

என்னைத் தப்பான நாளில் போகவைத்து, வெள்ளிக்கிழமை தன் மகளை மட்டும் கூட்டிப்போகிற திட்டம் என்று முடிவுகட்டினேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு பனியில் கான்வென்ட் கேட் வரைக்கும் நடந்தேன். "புதன்கிழமதாங்க" என்றார் வாட்ச்மேன். இவரையும் கையில் போட்டுக்கொண்டார்களோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனாலும் தந்தி கொடுத்துவிட்டேன். ஏனென்றால் மகள் ஊரில் இல்லை. கொழுந்தனார் மகனுக்கு முதல் மொட்டை என்று அவளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் பழனிக்குப் போயிருந்தார்.

செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில், வத்தலக்குண்டு சுற்றி வந்த பஸ்ஸிலிருந்து இருவரும் இறங்கினார்கள். மகள் கம்பளிக் குல்லா போட்டிருந்தாள். வீட்டுக்குள் வந்து கழற்றினாள். சந்தனம் பூசிய மொட்டை.

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

"சீட்டு கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றார் அவர்.

"கெடச்சப்புறம்ல போடணும்! யாராவது முன்னாடியே போடுவாகளா?"

"இந்தா பாரு, நம்ம யாவாரத்துல அட்வான்ஸ் குடுக்காம சரக்கு வந்திருக்கா? முந்திக் குடுத்துட்டா முருகன் மறுக்க முடியாதுல்ல."

பழனிக்காரருக்கு முருகனும் ஒரு மொத்த வியாபாரிதான். அன்று அவருக்கு நான் சோறு போடவில்லை.

கான்வென்ட்டில் மொட்டைத் தலையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? காய்ச்சல் என்றால் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். பேன் என்றால் அசிங்கம். பழனி வேண்டுதல் என்று உண்மையைச் சொன்னால், அது அவர்கள் சாமி இல்லை. மூன்றும் வேண்டாம், குல்லாவைக் கழற்றாதே, அதைப் பற்றி வாயைத் திறக்காதே என்று மகளிடம் சொன்னேன். புதன்கிழமை என் வீட்டுக்காரரைக் கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் அவளைக் கூட்டிப்போனேன்.

பெரிய சிஸ்டர் வெள்ளைக்காரி. அறைக்குள் எங்களையும் டீச்சரையும் அவர் மகளையும் ஒன்றாகவே உட்காரவைத்தார். டீச்சர் மகள் தலையில் ரிப்பன் வைத்த இரட்டைச் சடை. அது வேண்டுமென்றே கட்டியது போலவே எனக்குப் பட்டது. என் மகள் முறை வந்ததும் சிஸ்டர் சிரித்துக்கொண்டே குல்லாவைக் காட்டி ஏதோ சொன்னார். அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

சிஸ்டரின் சிரிப்பு போய்விட்டது. என் பக்கம் திரும்பி, உடைந்த தமிழில், "நோயா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோயுமில்ல நொடியுமில்லீங்க. பழனி முருகனுக்குக் குடுத்த முடி. அதுக்காகச் சீட்டு இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, போயிர்றோம்" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்போது என் மகள் சிஸ்டரைப் பார்த்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, நீளமாகப் பேசினாள். சிஸ்டர் அவளைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

வெளியே வந்ததும், "ஏத்தா, என்ன சொன்ன?" என்றேன்.

"முடி வளந்துரும்னு சொன்னேம்மா."

முடி வளர்வதற்கு அவ்வளவு வார்த்தையா? மூட்டையின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத குறுகுறுப்பு எனக்கு. அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளையையும் சந்தேகப்பட வேண்டிய நாள் வந்துவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

இரண்டு பிள்ளைகளுக்கும் சீட்டு கிடைத்தது. டீச்சர் கேசரி கொண்டுவந்தார். அவர் முதலில் ஒரு வாய் சாப்பிடும்வரை நான் தொடவில்லை. பிறகு அன்றைக்கு என் மகள் சிஸ்டரிடம் என்னதான் சொன்னாள் என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"'எங்கம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால இங்க வர்றதுக்கே பயம். அம்மா கோபமாப் பேசுனா பயந்துட்டாங்கன்னு அர்த்தம். அவங்கள ஒண்ணும் சொல்லிராதீங்க'ன்னு சொன்னா, அக்கா."

"நீங்களாச் சோடிக்கிறீங்க" என்றேன். டீச்சர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சோடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். என் கோபத்துக்கு அதுதான் அர்த்தம். கட்டிக்கொண்டவருக்கே அது இன்றுவரை தெரியாது.